வழியும் வழக்கும்: சென்னை நகர இருப்புப் பாதைகளும் மக்கள் பயணமும்

முன்னுரை

'வழங்குதல்' என்னும் வினைச்சொல்லுக்குக் கொடுத்தல் என்னும் பொருளோடு, இயங்குதல், நடமாடுதல் என்னும் பொருளும், பயன்பாட்டில் நிலைபெறுதல் என்னும் பொருளும் தமிழில் உண்டு. 'வழக்கு', 'வழக்கம்' என்பன அதனோடு உறவுடைய சொற்கள். மக்கள் நடமாடுதலையும் அவர்களிடையே நிலைத்த நடைமுறையையும் ஒரே சொற்குடும்பம் குறித்தல் கருதத்தக்கது. இவ்வாறே 'ஆறு' என்னும் சொல் நீர் செல்லும் நெறியையும் மாந்தர் செல்லும் நெறியையும் குறிக்கும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயரில் நிற்பது பின்னைய பொருளே. முன்னர்ச் சென்று பயன்பெற்று மீண்ட ஒருவன், இனிச் செல்லவேண்டிய ஒருவனுக்கு வழிகாட்டுவதாக அமைந்தது அவ்வகை. வழி இருத்தல் மட்டும் போதாது, அதில் சென்று பயின்றோரும் வேண்டும் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது.

இக்கருத்தை ஒரு நகரின் அண்மைக்கால வரலாற்றில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சென்னையில் மெட்ரோ ரயிலின் முதற்பகுதி 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் திறக்கப்பட்டது. இதற்குமுன் நகரப் பயணத்திற்கென இருமுறை புதிய இருப்புப் பாதை ஏற்பாடுகள் இந்நகரில் தோன்றின. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1995இல் பறக்கும் ரயில் எனப் பொதுமக்கள் வழங்கும் உயர்நிலைப் பாதை திறக்கப்பட்டது. தடம் திறக்கப்படும் நாளும் அது மக்களின் வழக்கமாகும் நாளும் ஒன்றல்ல என்பதை இம்மூன்றன் வரலாறும் காட்டுகின்றது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலம் ஒரு தடத்திற்குக் குறுகியும் மற்றொன்றிற்கு நீண்டும் அமைந்தது ஏன் என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

மின்சார ரயிலும் புறநகர் வாழ்வும்

சென்னைக்கு இருப்புப் பாதை 1856இல் வந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை வண்டி ஓடியது. ஆயினும் அது நெடுந்தொலைவுப் பயணத்திற்கு உரியதாயிருந்தது. நகருக்குள் நாள்தோறும் சென்று மீளும் பயணத்திற்குத் தண்டவாளத்தைப் பயன்படுத்தியது டிராம் வண்டியே. 1895இல் தொடங்கிய மின்சார டிராம், 1953இல் நிறுத்தப்படும் வரை, ஏறத்தாழ 58 ஆண்டுகள் நகரத் தெருக்களில் ஓடியது. தெருவின் நடுவில் ஓடியதால் டிராமிற்கு நிலையம், படிக்கட்டு, நுழைவாயில் என்பன தேவைப்படவில்லை. நடந்து செல்பவர் எவ்வழியே நடந்தாரோ அவ்வழியே அதுவும் சென்றது. இது நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

1931இல் தென்னிந்திய இருப்புப் பாதை நிறுவனம் கடற்கரை - தாம்பரம் தடத்தில் மின்சார வண்டியை ஓட்டியது. பம்பாயில் 1925இல் மின்சார ரயில் வந்தபின், இந்தியாவில் அத்தகைய நகர்ப்புற வசதியைப் பெற்ற இரண்டாம் பெருநகரம் சென்னையே. இங்கு உற்றுநோக்கத்தக்கது யாதெனின், தடம் முற்றிலும் புதியதன்று என்பதாம். நீராவி வண்டிகள் முன்னரே ஓடிய வழியில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிற்கு, விரைவாகவும் அடுத்தடுத்தும் வண்டிகள் செல்லலாயின. புதுமை பாதையில் இல்லை. வண்டிகளுக்கு இடைப்பட்ட காலம் குறைந்தமையில் இருந்தது. அடுத்த வண்டி விரைவில் வரும் என்னும் உறுதி உண்டாகும்போது பயணி கால அட்டவணையைப் பார்ப்பதை விடுகின்றான். வழக்கத்தின் முதற்கூறு இவ்வுறுதியே.

இரண்டாவது கூறு குடியிருப்பு. 1920களில் மாம்பலத்து ஏரிப்பரப்பின் ஒரு பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. அதன் விளிம்பிலேயே மாம்பலம் நிலையம் இருந்தது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. கோடம்பாக்கம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை எனத் தடத்தை ஒட்டிய ஊர்கள் பின்வந்த ஆண்டுகளில் நகரோடு இணைந்து வளர்ந்தன. இவ்வளர்ச்சிக்கு மின்சார ரயில் ஒன்றே காரணம் எனல் மிகையாகும். ஆயினும் அலுவலகம் கோட்டைப்பகுதியிலும் இல்லம் தென்புறத்திலும் அமைந்த நடுத்தரக் குடும்ப வாழ்வு பரவுவதற்கு அது பெருந்துணை புரிந்தது என்பதில் ஐயமில்லை. தடத்தை அறிந்து மக்கள் வீடு தேடினர். ஆகலின் தடத்தை அவர்கள் தேடிச் செல்லவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

மூன்றாவது கூறு கட்டணத்தின் வடிவம். திங்கள்தோறும் ஒருமுறை பணம் செலுத்திப் பெறும் பயணச்சீட்டு 'சீசன்' என்னும் பெயரால் சென்னைக் குடும்பங்களின் பேச்சில் இடம்பெற்றது. 'சீசன் எடுத்தாயிற்றா' என்னும் வினா, அரிசியும் பாலும் போல் அதுவும் வீட்டுச் செலவின் ஒரு பகுதியாகியதைக் காட்டும். சீசன் உடையவனுக்கு அடுத்த பயணத்திற்கெனத் தனிச் செலவு இல்லை. ஆதலின் அலுவலகம் செல்வதற்கு எடுத்த சீட்டிலேயே உறவினர் வீட்டிற்கும் கடைத்தெருவிற்கும் கோயிலுக்கும் அவன் சென்று வருவான். ஒரு தேவைக்காகத் தொடங்கிய பயணம் பல தேவைகளுக்கும் பரவும் நிலையே வழக்கம் எனப்படுவது. அயல்மொழிச் சொல்லாயினும் அதற்கு மாற்றுச் சொல்லை மக்கள் நாடாமைக்குக் காரணம் அச்சொல் அவர்கள் வாழ்வோடு கலந்தமையே எனலாம்.

இத்தடம் மக்களின் நடையையும் மாற்றியதற்கு அரங்கநாதன் தெருவே சான்று. மாம்பலம் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குச் செல்லும் அச்சிறு தெரு, நிலையத்திற்குச் செல்வோரும் மீள்வோரும் இடையறாது நடக்கும் வழியாய் அமைந்ததால் கடைகள் பெருகி, தென்னகமெங்கும் அறியப்பட்ட வணிகத் தெருவாயிற்று. ரயில் பயணத்தின் பின்பகுதியாகிய நடையே ஒரு வணிக இடத்தைப் படைத்தது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இந்நகரில் இல்லை. அதே வேளையில், மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023ஆம் ஆண்டு மே திங்களிலேதான் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 570 மீட்டர். மின்சார ரயில் வந்து 92 ஆண்டுகள் சென்றபின் இவ்வரை கிலோமீட்டர் இணைப்பு கிட்டியது என்பது, தடம் அமைப்போர் கருத்தில் நடந்து செல்வோர் எவ்வளவு பிந்தி இடம்பெறுகின்றனர் என்பதைப் புலப்படுத்தும்.

பறக்கும் ரயில்: வழி இருந்தும் வழக்கு இன்மை

இனி இரண்டாம் தடத்தைக் காண்போம். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995ஆம் ஆண்டு நவம்பரிலும், திருமயிலை வரை 1997இலும், திருவான்மியூர் வரை 2004இலும், வேளச்சேரி வரை 2007இலும் இது படிப்படியாக நீண்டது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 19 கிலோமீட்டர். இதற்கு 12 ஆண்டுகள் ஆயின. தரைக்கு மேல் தூண்களின்மீது ஓடுவதால் மக்கள் இதனைப் பறக்கும் ரயில் என்றனர். முதல் தடத்தை அதனை இயக்கும் ஆற்றலால் மின்சார ரயில் என்றும், இரண்டாவதை அதன் தோற்றத்தால் பறக்கும் ரயில் என்றும் பெயரிட்ட மக்கள் வழக்கு நுண்ணியது. தோற்றத்தால் பெற்ற பெயர் கீழே நின்று நோக்குபவன் இட்ட பெயராகும். தொடக்க ஆண்டுகளில் இந்நகரத்தார் பலரும் இவ்வண்டியைப் பொறுத்தவரை நோக்குபவராகவே இருந்தனர்.

காரணம் தடம் சென்ற வழி. சிந்தாதிரிப்பேட்டைக்குத் தெற்கே பெரும்பகுதியும் இப்பாதை பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன்மேலும் செல்கின்றது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற நீர்வழி அது. ஆறு என்னும் சொல்லின் இருபொருளும் அங்குப் பொருந்தியிருந்தன. ஆனால் படகுப் போக்குவரத்து நின்று, கழிவுநீர் சேர்ந்தபின், நகரம் தன் முதுகை அக்கால்வாய்க்குக் காட்டியது. கடைகளும் பேருந்து நிறுத்தங்களும் கோயில்களும் முன்புறச் சாலைகளில் இருந்தன. தனியார் நிலத்தை மிகுதியாகக் கையகப்படுத்தாமல் பாதை அமைக்கக் கால்வாய்க்கரை உதவியது. அதனாலேயே நிலையங்கள் நகரின் புறக்கடையில் அமைந்தன. பெரிய கூடங்களும் உயர்ந்த படிக்கட்டுகளும் கொண்ட அந்நிலையங்களில் பயணிகள் அருகிக் காணப்பட்டனர். ஆளரவமற்ற படிக்கட்டில் மாலை மங்கியபின் தனியே ஏறத் தயங்கும் பெண்ணுக்கு வண்டியின் விரைவு யாது பயன் தரும்?

பின்னர் இந்நிலை ஓரளவு மாறியது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் பெருகின. 2004க்குப் பின்னும் 2007க்குப் பின்னும் தடம் அப்பகுதியைத் தொட்டபோது பணிக்குச் செல்வோர் இதனை நாடினர். நிலைய வாயிலில் பங்கு ஆட்டோக்கள் வந்து நின்றன. அரசு அமைக்காத இணைப்பை ஆட்டோ ஓட்டுநர்கள் அமைத்தனர் எனலாம். வேலையிடம் தடத்தை வந்தடைந்தபோதுதான் தடம் வழக்காயிற்று.

ஆயினும் இவ்வழக்கு உறுதி பெறுதற்குத் தடைகள் இருந்தன. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லவேண்டிய ஏறத்தாழ 5 கிலோமீட்டர்ப் பகுதி 2007க்குப் பின் பல்லாண்டுகள் நிறைவுறாமல் நின்றது. அதனால் தென்முனையில் மின்சார ரயிலோடு இணையும் வாய்ப்பு அத்தனை காலம் இல்லை. வடமுனையிலும் 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை, கூடுதல் தடம் அமைக்கும் பணிக்காக, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே வண்டிகள் ஓடவில்லை. வழக்கம் உருவாக நெடுங்காலம் வேண்டும். முறிவதற்குச் சில திங்கள் போதும்.

மெட்ரோ ரயில்: எண்ணிக்கையும் அதன் பொருளும்

மூன்றாம் தடத்தின் பெயர் அயல்நாட்டது. இலண்டனில் 1863இல் திறக்கப்பட்ட உலகின் முதல் நிலத்தடி நகர ரயில் 'மெட்ரோபாலிட்டன்' என்னும் பெயருடையது. பாரிசில் 1900இல் தொடங்கிய ரயிலின் பெயர் 'மெட்ரோ' எனக் குறுகி உலகெங்கும் பரவியது. சென்னையில் 2015இல் திறக்கப்பட்ட முதற்பகுதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை, 7 நிலையங்களோடு, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீண்டது. மத்திய நிலையத்தையோ விமான நிலையத்தையோ அது அப்போது தொடவில்லை. ஆகலின் பணிக்குச் செல்வோரைவிடக் குடும்பத்தோடு ஏறிப் பார்க்க வந்தோர் அந்நாட்களில் மிகுதியாகக் கண்ணிற்பட்டனர். பறக்கும் ரயிலைக் கீழே நின்று நோக்கிய நகரம் இவ்வண்டியை உள்ளே ஏறி நோக்கிற்று. காட்சி வழக்கமாவதற்கு இன்னும் காலம் இருந்தது.

2016இல் விமான நிலையமும், 2018இல் எழும்பூரும் மத்திய நிலையமும், 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அண்ணா சாலையின் வடபகுதியும் வண்ணாரப்பேட்டையும் இணைந்தன. மவுண்ட் ரோடு என வழங்கிய சாலையில் டிராம் தண்டவாளங்கள் மறைந்து 66 ஆண்டுகள் சென்றபின், அதே சாலைக்கு அடியில் ரயில் மீண்டும் வந்தது. மெட்ரோவின் வெற்றிக்கு இதனை ஒரு சிறந்த காரணமாகக் கருதலாம். கால்வாயின் புறத்தே செல்லாமல், மக்கள் முன்னரே நடந்தும் டிராமிலும் பேருந்திலும் சென்றும் பயின்ற வழியை இது பின்பற்றியது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வடசென்னையின் விம்கோ நகர் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீட்டிக்கப்பட, மொத்த நீளம் 54 கிலோமீட்டர் ஆயிற்று.

பயணிகளின் எண்ணிக்கை 2019இல் ஏறத்தாழ 3.28 கோடி, 2021இல் 2.53 கோடி, 2022இல் 6.09 கோடி, 2023இல் 9.11 கோடி, 2024இல் 10.52 கோடி. 2019இல் நாளொன்றுக்குச் சராசரியாக 90,000 ஆக இருந்தது, 2024இல் 2,87,000 ஆயிற்று. கொரோனாக் காலத்துச் சரிவையும் கடந்த இவ்வளர்ச்சி போற்றத்தக்கதே. எனினும் வரலாற்று ஆய்வாளர் இவ்வெண்களை மூன்று எச்சரிக்கைகளோடு கொள்ளுதல் வேண்டும். முதலாவது, இவை பயணங்களின் எண்ணிக்கையேயன்றி மாந்தரின் எண்ணிக்கை அல்ல. காலையில் சென்று மாலையில் மீளும் ஒருவர் இருவராக எண்ணப்படுவர். இரண்டாவது, இக்காலத்தில் தடம் நீண்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆதலின் வளர்ச்சி முழுவதையும் பழக்க மாற்றம் எனக் கொள்ளல் ஆகாது. மூன்றாவதும் முதன்மையானதும், வண்டியில் ஏறியவரை மட்டுமே இவ்வெண்கள் காட்டும், ஏறாதவரைக் காட்டா.

ஏறாதவர் யார்? இவ்வினாவிற்கு விடை காண 2021ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு மே 8ஆம் நாள் முதல் தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. ஒரே ஆண்டில், மூன்று திங்கள் இடைவெளியில், மெட்ரோவின் கட்டணம் குறைந்தது. பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமே இல்லாமற் போயிற்று. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பெண் பத்து ரூபாயிலிருந்து தொடங்கும் கட்டணத்தைப் போக இருமுறை, வர இருமுறை எனக் கணக்கிட்டுப் பேருந்துக்குக் காத்திருப்பாள். அவளது பயணப் பழக்கத்தை அவ்வாண்டில் மாற்றியது புதிய தடமன்று, பழைய பேருந்தே. கணினி நிறுவனத்தார் மகிழுந்தை விட்டு மெட்ரோவில் ஏறுவதைப் பழக்க மாற்றம் எனக் குறிக்கும் ஆய்வுகள், இவள் முன்பு நடந்த தொலைவை இப்போது பேருந்தில் செல்வதையும் அவ்வாறே குறித்தல் நடுநிலையாகும்.

கூடை சுமக்கும் சிறு வணிகரையும் இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். விடியற்காலை மின்சார ரயிலில் பூக்கூடையும் கீரைக்கட்டும் ஏற்றி வருவோரை இன்றும் காணலாம். பைகளைச் சோதித்து உள்ளே விடும் மெட்ரோ நிலையங்களில் அத்தகையோர் அரியர். ஐந்து ரூபாயில் தொடங்கும் மின்சார ரயிலின் கட்டணமும் தடையற்ற வாயிலும் அவர்களுக்கு உரியனவாயின. ஒரு வண்டியின் தூய்மையும் ஒழுங்கும் பாராட்டத்தக்கவை. அவை எவரை ஒதுக்குகின்றன என்பதும் ஆராயத்தக்கது.

இணைப்பும் இடப்பெயர்ச்சியும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் சென்ற பேருந்துகள் அங்கு மாற்றப்பட்டன. திறக்கப்பட்ட அன்று அம்முனையத்திற்கெனத் தனி ரயில் நிலையம் இல்லை. மெட்ரோவின் முதற்பகுதி எந்த முனையத்தைத் தொட்டு அமைந்ததோ, அம்முனையத்திலிருந்து நெடுந்தொலைவுப் பயணிகளில் ஒரு பெரும்பகுதியினர் எட்டே ஆண்டுகளில் அகன்றனர். தடம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. முனையம் ஆணையால் பெயரக்கூடியது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணாவிடில் பயின்ற வழி பயனற்றுப் போம்.

முனையம் பெயர்வதைவிட மக்கள் பெயர்க்கப்படுதல் பெரிது. ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் வேலை நகரின் நடுவிலேயே தங்கிவிட்டது. முன்பு நடந்து சென்ற வேலையிடத்திற்கு அவர்கள் பேருந்தேறி ஒன்றரை மணியோ அதற்கும் மிகுதியாகவோ செல்ல நேர்ந்தது. 1931இல் நடுத்தர வகுப்பினர் தடத்தை அறிந்து வீடு தேடினர் என்று கண்டோம். இவர்களோ வீட்டைத் தாமே தேர்ந்தவரல்லர். அவ்வீட்டின் அருகே தடமும் இல்லை. பயணப் பழக்கம் என்பது எப்போதும் பயணியின் விருப்பத்தால் அமைவதன்று என்பதற்கு இவர்கள் வாழ்வே சான்று.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று தடங்களாக, ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுடையதாகத் திட்டமிடப்பட்டது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை செல்லும் தடம் பழைய மாமல்லபுரம் சாலையைப் பின்பற்றுவது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அச்சாலைக்கு அணித்தாக உள்ளன. பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ ஆகியவற்றிற்கு ஒரே செயலி வழியே சீட்டுப் பெறும் 'சென்னை ஒன்று' ஏற்பாடும் 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்டது. சீட்டு ஒன்றாதல் நன்று. கட்டணமும் ஒன்றாகி, நிலைய வாயிலில் பேருந்தும் வந்து நின்றால் அன்றி அவ்வொருமை முழுமை பெறாது.

முடிவுரை

மூன்று தடங்களின் வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் இவை. தடத்தின் புதுமையோ வண்டியின் விரைவோ தாமாகவே பழக்கத்தை மாற்றுவதில்லை. அடுத்த வண்டி வரும் என்னும் உறுதி, வீடும் வேலையும் நடக்கும் தொலைவில் நிலையத்தோடு பொருந்துதல், ஒவ்வொரு பயணத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டாத கட்டணம் ஆகிய மூன்றும் கூடியபோது மின்சார ரயில் வழக்காயிற்று. இவற்றுள் இரண்டாவது நெடுங்காலம் இன்மையால் பறக்கும் ரயில் தளர்ந்தது. முதலிரண்டையும் பெற்ற மெட்ரோ வளர்ந்தது. மூன்றாவதைப் பெறாதவரை அதன் வளர்ச்சி நகர மக்களில் ஒரு பகுதியினரின் பழக்க மாற்றமாகவே நிற்கும்.

இனி ஆராய்வோர் பயணிகளின் எண்ணிக்கையோடு நில்லாது, நிலையத்திற்கு முன்னும் பின்னும் உள்ள நடையையும், ஏறாது நின்றவரின் காரணங்களையும் தொகுத்தல் வேண்டும். கண்ணகி நகரிலிருந்து மயிலைக்கு வேலைக்கு வரும் ஒரு பெண், தன் அண்டை வீட்டாளிடம் 'இந்த வழியாகப் போ, எளிதாயிருக்கிறது' என்று சொல்லும் நாளே அப்புதிய தடம் மெய்யாகத் திறக்கப்பட்ட நாள் ஆகும்.